ஆறு இடது கால்

ஹவுக்கிலம்பி, 1937 மே 20

சைமி அக்காவுக்கு,

முதலில் ஒன்றை ஒத்துக்கொண்டுவிடுகிறேன். நீ அனுப்பிய ஆர்டர் கடிதம் இப்போது என் வலது பூட்ஸுக்குள் இருக்கிறது. ஊருக்கெல்லாம் காலணி தைக்கிறவனுடைய பூட்ஸில் உள் அட்டை கிழிந்து மூன்று வாரம் ஆயிற்று. வெளியே சொன்னால் வெட்கம். உன் காகிதம் நல்ல தடிமன், நகரத்துக் காகிதம். நாலாக மடித்தால் குதிகாலுக்கு அளவெடுத்த மாதிரி உட்காருகிறது. உன் எழுத்தின் மேல் தினமும் நடப்பதில் ஒரு தனிச் சுகமும் இருக்கிறது, அதையும் மறைக்கவில்லை.

இதோடு வரும் பெட்டியைத் திற. நீ கேட்டது கேட்டபடியே. நல்ல கருப்புப் பசுத்தோல், மர ஆணி அடித்த அடித்தோல், சிவப்புக் கயிறு. ஆறு ஷூ. எண்ணிக்கொள். ஆறும் இடது கால்.

பல்லைக் கடிக்காதே. எழுத்துப்படிதான் செய்தேன். நம் மொழியில் ஜோடியாக வருகிற சாமானை ஜோடியாகக் கேட்க வேண்டுமென்றால் எண்ணையே பன்மையாக்கி 'கூதெத்' என்று கேட்க வேண்டும், அப்போதுதான் ஆறு ஜோடி. வெறுமனே 'கூசி' என்றால் எண்ணி ஆறே ஆறு ஷூ. பள்ளிக்கூட வாத்தியாரம்மா நீ. உனக்கு நான் சொல்லித் தருகிறேனே, காலத்தைப் பார். நீ எழுதியிருப்பது 'கூசி'. சந்தேகம் வந்து பூட்ஸை இரண்டு தடவை கழற்றிப் பார்த்துவிட்டேன். எந்தக் கால் என்று நீ எழுதவில்லை. உன் பாட்டுக்குழுப் பெண்களின் பாதத்தைக் காகிதத்தில் வரைந்து அனுப்பியிருந்தாயே, அந்த ஆறு காகிதத்திலும் இடது பாதம்தான் இருந்தது. நான் வேறு என்ன செய்வேன்? நான் படித்தது இரண்டு குளிர்காலம். அதுவும் ஊர் ஊராகப் போகிற பள்ளிக்கூடம் நம் ஊரில் தங்கிய சில வாரம். எழுதியதைத் தாண்டி யோசிக்க எனக்குப் படிப்பு போதாது.

ஆனால் ஞாபகசக்தி போதும். பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் படகுத்துறை ஹில்ப்பாவுக்கு நான் ஒரு கடிதம் எழுதினேன். அவள் புருஷன் செத்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. 'உங்கள் ஆறு பிள்ளைகளுக்கும் தகப்பனாக இருக்கச் சம்மதம்' என்று வியர்த்து வியர்த்து எழுதி, எழுத்துப்பிழை பார்த்துக் கொடு என்று உன்னை நம்பிக் கொடுத்தேன். நீ அதைத் தையல் கூட்டத்தில் இருபது பெண்கள் முன்னால் வாசித்தாய். கரும்பலகை இல்லாத குறைக்கு அடுப்புச் சுவரில் கரியால் எழுதி விளக்கம் வேறு. 'கூசி' என்றால் ஆறு, 'கூசி' என்றால் கிறிஸ்துமஸ் மரமும்தான். சும்மா நிற்கும்போது இரண்டுக்கும் ஒரே முகம், உருபு ஒட்டும்போதுதான் முகம் பிரியும். 'ஆறின்' என்பது கூதென், 'மரத்தின்' என்பது கூசென். என் தம்பி கூசென் என்று எழுதியிருக்கிறான், கிறிஸ்துமஸ் மரம் பெற்ற பிள்ளைக்குத் தகப்பனாகப் போகிறானாம்.

இருபது பெண்கள் சிரித்த சிரிப்பு ஏரிக்கு அக்கரையில் கேட்டது. அக்கரையில்தான் ஹில்ப்பா இருந்தாள்.

மறுநாள் காலை என் வாசலில் யாரோ வைத்துவிட்டுப் போன கிறிஸ்துமஸ் மரக்கன்று. அதற்கு மறுநாள் இரண்டு. அந்தக் கோடை முழுக்க வந்துகொண்டே இருந்தது. ஹில்ப்பா இலையுதிர்காலத்தில் மாவு மில் பெத்தெரியைக் கட்டிக்கொண்டாள். எனக்கு இன்றுவரை ஊரில் பெயர் தாவெத்தி இல்லை, கூசி.

வலது கால் ஷூக்களுக்குத் தோல் வெட்டித் தயாராக வைத்திருக்கிறேன். பாட்டுத் திருவிழா ஜூன் பத்தொன்பது என்று எழுதியிருந்தாய். நிறைய நாள் இருக்கிறது. யோசி.

உன் தம்பி
தாவெத்தி


குவோப்பியோ, மே 25

தாவெத்தி,

'அன்புள்ள' என்று தொடங்க மனம் வரவில்லை. ஆகவே தொடங்கவில்லை.

உன் பெட்டியை ஒத்திகையின்போது எல்லோர் முன்னிலையிலும் திறந்தேன். நல்ல வேலைப்பாடு என்று பெருமையாகவும் இரண்டு வார்த்தை சொல்லிவிட்டேன். ஐலி முதலில் எடுத்துப் போட்டுப் பார்த்தாள். அவள்தான் எங்கள் குழுவில் உயர்ந்த குரல், வாயும் அதே அளவு.

“ரொம்ப நல்லா இருக்கு டீச்சர். இன்னொண்ணு எங்க?”

பெட்டியைக் கவிழ்த்தோம். வைக்கோல் விழுந்தது.

“உங்க தம்பிக்கு வலது பக்கம் வாதமா டீச்சர்?” என்றாள். என்னையும் சேர்த்து ஆறு பெண்கள், ஆறு இடது ஷூ. மற்ற நான்கு பேரும் பியானோவின் பின்னால் போய்ச் சிரித்தார்கள்.

நான் முப்பது வருடமாக மொழிப் பாடம் நடத்துகிறேன். ஜோடிப் பொருளுக்கு 'கூசி' என்று எழுத என் கை ஒப்பாது. நான் 'கூதெத்' என்றுதான் எழுதினேன். உனக்கு வாசிக்கத் தெரியவில்லை, அல்லது வேண்டுமென்றே பொய் சொல்கிறாய். என் கடிதத்தைத் திருப்பி அனுப்பு. நானே பார்க்கிறேன்.

பாதத்தை வரைந்தது பற்றி: நாற்காலியில் உட்கார்ந்தபடி இடது காலை நீட்டுவது அவர்களுக்குச் சௌகரியமாக இருந்தது. மனிதருக்கு வலது காலும் உண்டு என்பது காலணி தைப்பவனுக்குத் தெரியும் என்று நம்பினேன்.

திருவிழாவில் ஐயாயிரம் பேர் கூடுவார்கள். ஒரே மாதிரி உடை, ஒரே மாதிரி காலணி இல்லாத குழுவை மேடை ஏற்ற மாட்டார்கள், அது விதி. இந்தக் குழுவை உருவாக்க நான்கு வருடம் ஆயிற்று. எனக்குப் பிள்ளையோ குட்டியோ இல்லை என்பது உனக்குத் தெரியும். இருப்பது இது ஒன்றுதான்.

வலது ஷூக்கள் ஜூன் பத்துக்குள் வரவில்லையென்றால், தையல் கூட்டத்துப் பெண்கள் அப்போது கட்டிய பாட்டை மறந்துவிட்டேன் என்று நினைக்காதே.

ஆறு பிள்ளை பெற்றவளுக்கு
அப்பன் வந்தான் மரமாக.

நான்கு குரலில் அமைத்தால் கம்பீரமாக இருக்கும். ஐயாயிரம் பேர்.

சைமி


ஹவுக்கிலம்பி, மே 29

அக்கா,

பாடு, தாராளமாகப் பாடு. ஆறு பேரும் ஒற்றைக் காலில் நின்று பாடுங்கள். ஏரியில் கொக்கு நிற்கிற மாதிரி இருக்கும், ஐயாயிரம் பேரும் தூரத்திலிருந்தே பார்க்கலாம். அந்தப் பாட்டை இங்கே பாடாத வாய் கிடையாது. புதிதாக எனக்கு அவமானம் செய்ய வேண்டுமானால் புதிதாக யோசி.

உன் கடிதம் திரும்பி வராது. உபயோகத்தில் இருக்கிறது. உனக்கு நம்பிக்கை இல்லையென்றால் இங்கே வந்து என் காலைத் தூக்கிப் பார்த்துக்கொள்.

இனி என் நிபந்தனை. பெத்தெரி போன இலையுதிர்காலத்தில் செத்துப்போனது உனக்குத் தெரிந்திருக்கும். மில்லை அவன் தம்பிமார் எடுத்துக்கொண்டார்கள். ஹில்ப்பா திரும்பவும் படகுத்துறைக்கே வந்துவிட்டாள், கயிற்றைப் பிடித்துத் தோணி இழுக்கிறாள். நேற்று தோல் வாங்க அக்கரைக்குப் போனேன். தோணியில் நானும் அவளும் ஒரு பசுவும்.

“எந்தக் காட்டுக்குப் பயணம், கூசி?” என்றாள். பன்னிரண்டு வருடத்துக்குப் பிறகு அவள் என்னிடம் பேசிய முதல் பேச்சு.

“காட்டுலேருந்துதான் வர்றேன். நீ எப்படி இருக்க?”

“ரெண்டு கல்யாணம் பார்த்தாச்சு, ரெண்டு அடக்கமும் பார்த்தாச்சு. கை மட்டும் நல்லாருக்கு.” கயிற்றை இரண்டு இழுப்பு இழுத்தாள். பிறகு தண்ணீரைப் பார்த்துக்கொண்டே, “ஏன்யா, அன்னிக்கி ஒரு கடுதாசி எழுதினியாமே. ஊரே படிச்சிச்சு. எனக்கு மட்டும் வரவே இல்லையே?” என்றாள்.

பசு என்னைப் பார்த்தது. நான் பசுவைப் பார்த்தேன். கரை வந்துவிட்டது.

யோசித்துப் பார் அக்கா. கேலி அவளுக்குப் போய்ச் சேர்ந்தது. கடிதம் போய்ச் சேரவில்லை. அவள் வேண்டாம் என்று சொன்னதே இல்லை. யாரும் அவளைக் கேட்கவே இல்லை. இத்தனை வருடமும் அவள் என்னை மறுத்துவிட்டதாக நினைத்து நான் வேறு மில் பக்கம் தலைகாட்டாமல் படகுத்துறை வழியாகச் சுற்றிப் போய்க்கொண்டிருந்தேன், ஒவ்வொரு தடவையும் ஏழு மைல். அதுவும் ஓட்டை பூட்ஸோடு.

ஆகவே, அந்தக் கடிதத்தை நீ எழுத வேண்டும். உன் முத்துமுத்தான எழுத்தில், என் பெயரில், உருபு சரியாக. கீழே உன் பெயரைப் போட்டு, முதல் கடிதத்தைக் கெடுத்தது நான்தான் என்றும் எழுத வேண்டும். எழுதி நேரே ஹில்ப்பாவுக்கு அனுப்பு. அது அவள் கைக்குப் போய்ச் சேர்ந்த அன்று வலது கால் புறப்படும். சேராவிட்டால் கொக்கு.

தாவெத்தி


குவோப்பியோ, ஜூன் 4

தாவெத்தி,

மாட்டேன்.

இங்கே மூன்று பேரிடம் விசாரித்துவிட்டேன். முதல் காலணிக்காரர் இடது ஷூவைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, “பாதி செஞ்சவனையே மீதியும் செய்யச் சொல்லுங்கம்மா” என்றார். இரண்டாமவர் இலையுதிர்காலத்தில் வரச் சொன்னார். மூன்றாமவர், உன் தையலை அடையாளம் கண்டுகொண்டு, “இது கூசி வேலையாச்சே!” என்றார். நூறு மைல் தள்ளியும் உன்னை அப்படித்தான் சொல்கிறார்கள் என்பதை உனக்குத் தெரிவிப்பதில் எனக்கு மகிழ்ச்சி.

ஒன்று மட்டும் எழுதிவிடுகிறேன். இரண்டு முறை எழுதிக் கிழித்துவிட்டேன், இது மூன்றாவது.

அன்று நான் உன் எழுத்துப்பிழைக்காகச் சிரிக்கவில்லை. வீட்டில் இருந்தது இரண்டு அறை. ஒன்றில் நீ, ஒன்றில் நான். ஹில்ப்பாவும் ஆறு பிள்ளைகளும் வந்தால் ஏழு பேர். நான் அன்று மாலை முழுவதும் கட்டில்களை எண்ணிக்கொண்டிருந்தேன். எப்படி எண்ணினாலும் என்னுடையது இல்லை. மறுநாள் தையல் கூட்டம். கடிதம் என் கூடையில் இருந்தது. வாசிக்க வேண்டும் என்று எடுத்துப் போகவில்லை. யாரோ ஏதாவது வேடிக்கையாகச் சொல்லுங்கள் என்றார்கள்.

இதை எழுதியதால் நான் உன் நிபந்தனைக்கு இணங்கிவிட்டதாக நினைக்காதே.

சைமி


ஹவுக்கிலம்பி, ஜூன் 8

அக்கா,

கட்டில் கதையைப் படித்தேன். நெஞ்சு ஒரு நிமிடம் இளகத்தான் செய்தது. பிறகு கணக்குப் போட்டேன். தையல் கூட்டம் நடந்தது ஏப்ரல். நீ நகரத்து வேலை கிடைத்து மூட்டை கட்டியது அக்டோபர். ஆறே மாதம். ஆறு மாதத்தில் காலியாகப்போகிற ஒரு கட்டிலுக்காக ஏழு பேரை என் வீட்டு வாசலுக்கு வெளியே நிறுத்திவிட்டுப் போயிருக்கிறாய். அந்த அறையில் இப்போது தோல் காய்கிறது.

நெஞ்சு பழையபடி இறுகிவிட்டது.

இன்று எட்டாம் தேதி. வலது அடித்தோல் ஆறும் மேசைமேல் வரிசையாக என்னைப் பார்த்துக்கொண்டிருக்கின்றன. ஒன்றின் குதிகால் ரொம்ப ஒடுக்கம். உன்னுடையதாகத்தான் இருக்க வேண்டும். நம் வீட்டில் வேறு யாருக்கும் அப்படிக் கிடையாது.

தாவெத்தி


குவோப்பியோ, ஜூன் 12

தாவெத்தி,

நேற்று அஞ்சலில் சேர்த்துவிட்டேன். நகல் கீழே.

“ஹில்ப்பா, இது பன்னிரண்டு வருடம் முன்பு உங்களுக்கு வந்திருக்க வேண்டிய கடிதம். என் தம்பி தாவெத்தி உங்களை மணக்கவும், உங்கள் ஆறு பிள்ளைகளின் தகப்பனாக இருக்கவும் விரும்பி எழுதினான். ஓர் உருபு தவறாக இருந்தது. அதைத் திருத்தி உங்களிடம் சேர்ப்பது என் வேலை. நான் திருத்தினேன், சேர்க்கவில்லை. ஊர் சிரிக்கக் காரணம் அவனுடைய பிழை அல்ல, நான். அவனுக்கு எழுதத் தெரியாது. பொய் சொல்லவும் தெரியாது. சைமி.”

'கூதென்' என்ற இடத்தை நான்கு முறை சரிபார்த்தேன். கடைசி வாக்கியம் சரிதானா என்று எனக்கு இப்போது உறுதியாகத் தெரியவில்லை. நான் 'கூதெத்' என்று எழுதியதை நீ இன்னும் 'கூசி' என்கிறாய். இருந்தாலும் விட்டுவைத்தேன்.

என் ஷூக்களை அனுப்பு.

சைமி


ஹவுக்கிலம்பி, ஜூன் 20, ஞாயிறு

அக்கா,

நேற்றோடு திருவிழா முடிந்திருக்கும். வலது ஷூக்கள் வியாழக்கிழமைக் கப்பலில் வந்து சேர்ந்திருக்கும். நான் சொன்ன சொல் தவறவில்லை. புதன்கிழமை ஹில்ப்பா ஆள்விட்டுச் சொல்லியனுப்பினாள்: கடிதம் வந்துவிட்டது, ஞாயிற்றுக்கிழமை தோணிக்கு வா. அன்று ராப்பகலாக உட்கார்ந்து மிச்சத்தைத் தைத்து முடித்தேன். மறுநாள் எல்லாவற்றுக்கும் கருப்புப் பாலிஷ் போட்டு, கையோடு கையாக என் பூட்ஸுக்கும் ஒரு பூச்சுப் பூசிப் பலகையில் காயவைத்தேன். அதற்குள் கப்பல் ஊதிவிட்டது. ஒன்று, இரண்டு என்று ஆறு வலதை எண்ணிப் பெட்டியில் திணித்து, வெறுங்காலோடு துறைக்கு ஓடினேன்.

மூன்று நாள் வெறுங்காலோடே திரிந்துவிட்டு இன்று காலை பூட்ஸ் போடப் போனால் வலது பூட்ஸைக் காணவில்லை. பக்கத்து வீட்டு நாயின் வேலை. பாலிஷில் கொழுப்பு வாசனை, அதற்கு அது உயிர். பலகையில் குதிகால் ஒடுக்கமான வலது பெண் ஷூ ஒன்று மிச்சம் கிடக்கிறது. சந்தோஷத்தில் ஏழு தைத்துவிட்டேன் போலிருக்கிறது. இருக்கட்டும், உனக்கு ஒன்று உபரி.

இடது காலில் பூட்ஸும் வலது காலில் மழைக்குப் போடும் ரப்பர் செருப்புமாகப் போனேன். ஹில்ப்பா இடுப்புத் துணியிலிருந்து கடிதத்தை எடுத்தாள்.

“இது உன் எழுத்து இல்லையே.”

“அக்காவோடது.”

“அதானே பார்த்தேன், ஆறு ஆறாவே இருக்கு.” தோணியைக் கட்டிவிட்டு உட்கார்ந்தாள். “ஆனா உருபு சரி, கணக்கு தப்பு. பன்னெண்டு வருஷம் ஆச்சுய்யா. அஞ்சு பேரும் அவங்கவங்க பாட்டுக்குப் போயாச்சு. வீட்டுல கடைசிப் பொண்ணு ஒருத்திதான்.”

“இன்னொரு கடுதாசி எழுதச் சொல்லவா?”

“ஐயோ வேணாம். அது வந்து சேர்றதுக்குள்ள அவளும் போயிடுவா.”

கொஞ்ச நேரம் கயிற்றைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். நம் பேச்சில் கல்யாணம் கத்தரிக்கோல் மாதிரி, ஒன்றே ஒன்று என்றாலும் பன்மையில்தான் சொல்ல முடியும். அடக்கமும் அப்படித்தான். இரண்டையும் அவள் அந்தப் பன்மையிலேயே சொன்னாள்.

“மூணாவது கல்யாணத்துக்குச் சரி. மூணாவது அடக்கத்துக்கு வர்றவங்களுக்கு நான் காபி போட மாட்டேன். அதை நீதான் பார்த்துக்கணும்.”

“பார்த்துக்கறேன்.”

“வலது கால்ல என்னய்யா அது?”

“ரப்பர் செருப்பு.”

“மழை இல்லையே.”

“வரலாம்.”

கல்யாணம் ஆகஸ்டில். நீ வர வேண்டும். மன்னித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு வராதே. உன் நாற்காலியைச் சுற்றி ஆறு கிறிஸ்துமஸ் மரக் கன்று நட்டுவைக்கப்போகிறேன். ஹில்ப்பாவே வெட்டித் தருகிறேன் என்றிருக்கிறாள்.

உன் கடிதம் அந்தப் பூட்ஸோடு போய்விட்டதுதான் எனக்கு வருத்தம். நாய் தின்றிருக்கும். இனி நீ 'கூதெத்' என்று சாதித்தால் மறுத்துக் காட்ட என்னிடம் அத்தாட்சி இல்லை.

தாவெத்தி


குவோப்பியோ, ஜூன் 23

தாவெத்தி,

பெட்டி வெள்ளிக்கிழமை மாலை வந்தது. உள்ளே ஆறு வலது கால் இருந்தன. எண்ணிக்கை சரி. ஐந்து பெண்களுடையவை. ஆறாவது, நாற்பத்து மூன்றாம் அளவு ஆண் பூட்ஸ்.

மற்ற ஐந்து பேருக்கும் அவரவர் அளவு பொருந்தியது. எனக்கானது இல்லை, பூட்ஸைத்தான் மாட்டிக்கொண்டேன். எல்லாம் ஒரே கருப்பு என்பதால் விழாக்காரர்கள் தடுக்கவில்லை. குழுவை நடத்துபவள் நான். ஆகவே ஐயாயிரம் பேருக்கும் முதுகைக் காட்டி, முன்னால், தனியாக, மேடை விளிம்பில் நின்றேன். மரத்தைப் பற்றிய பாட்டைப் பாடவில்லை. இரண்டாம் பரிசு கிடைத்தது.

அதன் பிறகு பேராயர் நாற்பது நிமிடம் பேசினார். பூட்ஸுக்குள் ஏதோ உறுத்தியது. பெஞ்சுக்குக் கீழே குனிந்து எடுத்துப் பார்த்தேன். என் கடிதம். குதிகால் பட்ட இடம் தேய்ந்திருந்தாலும் அந்த வார்த்தை தெளிவாக இருந்தது. 'கூசி'.

சிவப்பு மைப்பேனா எப்போதும் கைப்பையில் இருக்கும். அடித்து, மேலே 'கூதெத்' என்று எழுதி, ஓரத்தில் ஒரு மதிப்பெண் குறைத்து, அந்த எழுத்து மேலே வரும்படி மடித்து, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன்.

ஆகஸ்டில் வருகிறேன். பூட்ஸைக் கொண்டுவருகிறேன். என் ஷூவைப் பத்திரமாக வை.

மை காய்வதற்குள் காலை உள்ளே விட்டுவிட்டேன். வெள்ளைக் காலுறையின் அடியில் 'கூதெத்' என்று கண்ணாடியில் பார்ப்பது போல் இடவலம் மாறிப் பதிந்திருக்கிறது. மூன்று முறை துவைத்தேன். போகவில்லை.

சைமி